சுண்ணாம்புக் கம்பமும் சிமெண்டுப் புழுதியும்

சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்துக்குச் செல்வோர் கம்போங் கப்போர் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பர். மலாய் மொழியில் ‘கப்போர்’ என்றால் சுண்ணாம்பு. நம் முன்னோரும் அந்தப் பக்கத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே அழைத்தனர். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலம் அது. 1856க்கும் 1861க்கும் இடையில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எழுந்தபோது, அதன் உட்சுவர்களுக்குச் ‘சென்னைச் சாந்து’ பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து அரைத்த சாந்து அது. பூசிய கைகளைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

சுண்ணாம்பு பட்டால் கை வெந்துபோகும் என்பது நாம் அறிந்ததே. வேலையை நிறுத்தினால் புண் ஆறிவிடும். சிமெண்டும் இப்படிக் கையைச் சுடுவதுண்டு. ஆனால் அது செய்யும் வேறொரு தீங்கு இவ்வளவு எளிதில் விடாது. பல மாதம், சில சமயம் பல ஆண்டு, எந்தத் தொல்லையுமின்றி வேலை செய்த கொத்தனாருக்கு ஒருநாள் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கும். பின்பு தோல் வெடித்து நீர் கசியும். காற்றில் பறக்கும் புழுதி படிந்தால் கண்ணிமையிலும் கழுத்திலும்கூடக் கரப்பான் தோன்றும். ஊருக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்பினாலும், சிமெண்டைத் தொட்டவுடன் மீண்டும் வந்துவிடும்.

இதன் காரணம் 1950இல் தெளிவாயிற்று. சுவிட்சர்லாந்தில் யேகர், பெல்லோனி என்னும் இருவர், சிமெண்டுக் கரப்பான் கண்டவர்களின் தோல் குரோமேட் உப்புக்கு ஒவ்வாமை காட்டுவதைக் கண்டறிந்தனர். களிமண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் குரோமியம் மிகச் சிறிதளவு உண்டு; அந்நிலையில் அது பெரிய தீங்கு செய்வதில்லை. சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் கல் வேகும்போது அதில் ஒரு பகுதி, நீரில் கரைந்து தோலுக்குள் புகக்கூடிய குரோமேட்டாக மாறிவிடுகிறது. சிமெண்டை நீரில் குலுக்கி வடிகட்டி, அமிலமூட்டி, டைஃபினைல்கார்பசைடு என்ற மருந்தைச் சேர்த்தால், குரோமேட் இருக்கும் நீர் கத்தரிப்பூ நிறமாகும். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் கணக்கிடுவர். ஆய்வுக்கூடத்தின் வேலை இது.

மருத்துவமனையின் வேலை வேறு. ஜெர்மானிய மருத்துவர் ஜடாசோன் 1895இல் அறிமுகப்படுத்திய ஒட்டுச் சோதனையில், நூற்றுக்கு அரைப்பங்கு குரோமேட் கலந்த வாசலினை நோயாளியின் முதுகில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைப்பர். அந்த இடம் சிவந்து தடித்தால் ஐயமில்லை. தோல் ஒருமுறை அப்பொருளை எதிரியாகக் கொண்டுவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. கொத்து வேலையை விட்டவரைக் குரோமியத்தில் பதனிட்ட தோல் செருப்பும் தொல்லைப்படுத்தும்! கடன் வாங்கிக் கப்பலேறியவருக்கு அந்தச் சிவந்த தழும்பு, கற்ற தொழில் போயிற்று என்ற அறிவிப்பாகவும் இருந்தது.

சிங்கப்பூரில் இச்சோதனை நடந்த இடம் தேக்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள மிடில் ரோடு மருத்துவமனை. போருக்கு முன் ஜப்பானியருடையதாக இருந்து, பின்பு பால்வினை நோய்க்கும் சரும நோய்க்கும் உரியதாயிற்று. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி அடுக்குமாடி வீடுகள் எழ எழ, சிமெண்டில் கைவைப்போர் தொகை பெருகியது. நகரின் புகையைக் கட்டுப்படுத்த 1970இல் பிரதமர் அலுவலகத்தில் தனிப்பிரிவு அமைந்தது. 1971இல் தூய காற்றுச் சட்டமும் வந்தது. ஆனால் தொழிலாளியின் கைக்கு வந்த கேட்டைப் புகைபோக்கியில் அளந்து பார்க்க இயலாதன்றோ? சுவர்களை முன்கூட்டியே வார்த்தெடுக்கும் ஒரு தொழிற்சாலைக்குச் சென்று தொழிலாளரின் சருமத்தை ஆராய்ந்து, டாக்டர் கோ சீ லியோக்கும் உடனாய்வாளரும் 1986இல் கட்டுரை வெளியிட்டனர். 1988இல் மிடில் ரோடு மருத்துவமனை மூடப்பட்டு, மாண்டலே சாலையில் தேசியச் சரும நிலையம் திறக்கப்பட்டது.

இதற்கிடையே டென்மார்க் 1981இல் எளிய வழியொன்றைக் கையாண்டது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அன்னபேதியைச் சிமெண்டில் சேர்த்தார்கள். அது குரோமேட்டைக் கரையாத நிலைக்கு மாற்றிவிடும். அங்கே ஒவ்வாமை குறைந்தது. ஐரோப்பியச் சமூகம் 2005இல்தான் பத்து லட்சத்தில் 2 பங்கு என்ற வரம்பை நடைமுறைப்படுத்தியது. கண்டுபிடிப்புக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டு! இவ்வளவு தாமதத்துக்கு நியாயம் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரிலும் குரோமேட் ஒவ்வாமை குறைந்தது. இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டில் குரோமேட் குறைவு. 1996இல் டாக்டர் கோவும் அவருடன் கானும் எழுதிய கட்டுரை, சிமெண்டு தயாரிப்பு முறை மாறியதுதான் காரணமோ என்று ஆராய்ந்தது. தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார்கள். கையுறையும் நல்ல பழக்கங்களும்கூடக் காரணமாகலாம் அல்லவா? அந்தக் கேள்விக்குறியை நாம் மதிக்கிறோம்.

1997இலும் 2013இலும் சுமத்ராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் சிங்கப்பூரைச் சூழ்ந்தது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தூய்மைக் குறியீடு 401ஐத் தொட்டது. கண் எரிச்சலோடு தோல் அரிப்பையும் பலர் சொன்னார்கள். சிமெண்டில் குற்றவாளி ஒன்று. புகையிலோ கரித்துகளும் வாயுக்களும் நூற்றுக்கணக்கில். எதை எடுத்து முதுகில் ஒட்டுவது? ஆயினும் வழி தென்படாமல் இல்லை. புகையிலுள்ள சில பொருள்கள் சருமச் செல்லிலுள்ள ஓர் ஏற்பியைத் தூண்ட, அதனால் சுரக்கும் ஆர்ட்டமின் என்ற புரதம் நரம்பு நுனிகளை வளரச்செய்து அரிப்பை மிகுவிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017இல் எலிகளில் காட்டினார்கள்.