கோலும் கொல்லும்

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை உடைய சொல் ஒன்று உண்டு. 'டியர்' என ஒலித்தால் அது கண்ணீர். 'டேர்' என ஒலித்தால் கிழித்தல். எழுதியவாறே ஒலிக்கும் தமிழுக்கு இத்தகைய மயக்கம் இல்லை எனப் பெருமை கொள்வாருண்டு. ஆயின் ஏட்டுச்சுவடிக் காலத் தமிழ் இம்மயக்கத்தைப் பல நூற்றாண்டுகள் சுமந்து நின்றது.

மெய்யெழுத்துகளும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியால் புள்ளி குத்தின் ஓலை பழுதுறும் என அஞ்சி, ஏடெழுதுவோர் அதனை விடுத்தனர் என்பர். அதனால் 'தென்' திசையும் 'தேன்' சுவையும் ஏட்டில் ஒரே வடிவின ஆயின. மன்னன் ஏந்தும் 'கோல்', 'கொல்' என்னும் வினையினின்று வேறுபடவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் எழுதப்பட்டமையின், 'தரம்' என்பதைத் 'தாம்' எனவும் படிக்க இடமிருந்தது.

இந்நிலையில் பொருளைக் காத்தது யாப்பு. 'கொடு' நிரையசை, 'கோடு' நேர்நேர். ஆகவே ஓசை பிழைத்தால் பாடமும் பிழை எனத் தெளியலாம். 'கோல்', 'கொல்' இரண்டும் நேரசையே ஆதலின் அங்கு அசை உதவாது. அடிமுதலில் அச்சொல் வரின் எதுகை கைகொடுக்கும்; நெடிலுக்கு நெடிலும் குறிலுக்குக் குறிலுமே எதுகையாகும் அன்றோ! எதுகையும் வாராவிடத்து, இடம்நோக்கி உணரும் புலமை ஒன்றே துணை.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு வகுத்தார். எனினும் பழஞ்சுவடிகள் பழைய வடிவிலேயே இருந்தன. அவற்றை ஒப்புநோக்கி அச்சேற்றும் அரும்பணிக்குச் சேதுநாடு துணைநின்றது. ஆறுமுக நாவலரின் திருக்குறள் பரிமேலழகர் உரைப்பதிப்பு 1861ஆம் ஆண்டு வெளிவர ஆதரவளித்தவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த நூலில் 'கோல்' பிழைபடுதல் எத்துணைக் கேடு! அவர்தம் மைந்தர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவி, சுவடிகளைத் திரட்டவும் பதிப்பிக்கவும் வழி வகுத்தார்.

அச்சு ஒரு மயக்கத்தை நீக்கியது, மற்றொன்று எஞ்சியுள்ளது. இராமேசுவரத் திருக்கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடுவோர் கழுவ விழைவதும் 'பாவம்'. இசைவாணர் குரலில் அவையோர் எதிர்பார்ப்பதும் 'பாவம்'. முன்னதில் பகரம் வன்மையாகவும் பின்னதில் மென்மையாகவும் ஒலிக்கின்றது. இவ்வேறுபாட்டை எழுத்து காட்டுவதில்லை, வாய்தான் காட்டுகின்றது. தமிழ்க் கவிதை கண்ணால் மட்டும் கற்கப்படின் பாதிப் பொருள் ஏட்டிலேயே உறங்கிவிடும். வாய்விட்டுப் பாடியும் செவியாரக் கேட்டும் வந்த மரபே அன்று கோலைக் கொலையினின்று காத்தது. அம்மரபைப் பேணும் கடமை இன்று கவியரங்குகளுக்கு உரியது.