எழில் நிரல்மொழி: ஒதுக்கச் சொற்களும் மேற்கோள் குறிகளும்

எழில் என்பது தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட கணினி நிரல்மொழி. முத்தையா அண்ணாமலை 2007 இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் பொதுவில் அறிவித்தார். பள்ளி மாணவர்கள் ஆங்கிலம் தடையாக நிற்காமல் நிரல் எழுதப் பழக வேண்டும் என்பதே இதன் நோக்கம். எழில் நிரலைப் படித்து இயக்கும் மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது.

எந்த நிரல்மொழியிலும் சில சொற்கள் மொழிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை மாறிகளுக்கோ செயற்கூறுகளுக்கோ பெயராக வைக்க முடியாது. இவை ஒதுக்கச் சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சிறப்புச் சொற்கள் என்கின்றன. பைத்தானின் அண்மைப் பதிப்புகளில் 35 சொற்களும், 1989ஆம் ஆண்டுத் தரப்படியான சி மொழியில் 32 சொற்களும் இப்படி உள்ளன. எழிலில் பதிப்பி, ஆனால், இல்லை, வரை, ஆக, செய், நிறுத்து, தொடர், தேர்ந்தெடு, நிரல்பாகம், பின்கொடு, முடி முதலியவை ஒதுக்கச் சொற்கள்.

மேற்கோள் குறியின் வேலை இதற்கு நேர்மாறானது. இரட்டை மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடரைச் சரம் என்கிறோம். அதன் பொருளைக் கணினி ஆராய்வதில்லை. வைத்திருக்கும், அச்சிடும், வேறொன்றோடு ஒப்பிடும், அவ்வளவுதான். மேற்கோளுக்கு வெளியே நிற்கும் ‘முடி’ ஒரு கட்டளைத் தொகுதியை முடித்து வைக்கும். மேற்கோளுக்குள் புகுந்த ‘முடி’ வெறும் இரண்டெழுத்து.

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் தாமிரபரணியின் குறுக்கே உள்ள சப்பாத்து என்னும் தரைப்பாலம், ஆற்றில் வெள்ளம் பெருகும்போது மூழ்கிவிடும். அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகைக்கு எழிலில் நிரல் எழுதினால் இப்படி இருக்கும் (எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்):

நீர்மட்டம் = 5
@( நீர்மட்டம் > 4 ) ஆனால்
    பதிப்பி "சப்பாத்தைக் கடக்க வேண்டாம்"
இல்லை
    பதிப்பி "கடக்கலாம்"
முடி

இதில் முதலில் கவனிக்க வேண்டியது சொல்லின் இடம். சி, பைத்தான் போன்ற மொழிகளில் ‘இஃப்’ முன்னே வரும், நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே, ‘ஆனால்’ பின்னே. ‘வரை’, ‘ஆக’ என்ற மடக்குச் சொற்களும் அடைப்புக்குறிக்குப் பிறகே வருகின்றன. ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழ்ச் சொல்லை ஒட்டியிருந்தால் எழில் ஒரு சொற்பட்டியலாக நின்றுபோயிருக்கும். வாக்கிய ஒழுங்கையும் தமிழாக்கியதுதான் அதன் உண்மையான சாதனை.

இந்தச் சாதனையோடு ஒரு சுமையும் வருகிறது. பைத்தானில் ‘பிரின்ட்’ கட்டளைக்குள் குழித்துறை என்று எழுதும் மாணவருக்கு எது கட்டளை, எது செய்தி என்பதை எழுத்து வடிவமே காட்டிக்கொடுக்கும். கட்டளை ஆங்கில எழுத்தில், செய்தி தமிழில். எழிலில் இரண்டும் தமிழ். கட்டளைக்கும் செய்திக்கும் நடுவே இருப்பது அந்தச் சிறிய மேற்கோள் குறி மட்டுமே. அதனால் தமிழ் நிரல்மொழியைக் கற்பிப்பவர், பைத்தான் ஆசிரியர் போல மேற்கோள் குறியை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர முடியாது. அன்றாடப் புழக்கத்தில் உள்ள சொற்களே ஒதுக்கச் சொற்களாகியிருப்பது இன்னொரு சிக்கல். ஒரு தொடர்கதையைப் பற்றியோ கிரிக்கெட் போட்டிகளைப் பற்றியோ நிரல் எழுதுபவர் ஒரு மாறிக்குத் ‘தொடர்’ என்று பெயரிட நினைப்பது இயல்பு. அது மடக்கைத் தொடரச் செய்யும் கட்டளையாக ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

ஒதுக்கச் சொல்லைக் குறியிட்டுப் பிரிக்கும் சிக்கல் புதியதல்ல. 1960இல் வந்த அல்கால் மொழியின் அறிக்கையில் கட்டளைச் சொற்கள் தடித்த எழுத்தில் அச்சாயின. அக்காலக் கணினிகளில் தடித்த எழுத்து இல்லாததால், பல நிறுவல்களில் கட்டளைச் சொற்களையே ஒற்றை மேற்கோளுக்குள் இட்டு எழுதினார்கள். இன்றைய வழக்கம் அப்படியே தலைகீழ். ஃபோர்ட்ரானிலும் பிஎல்/ஒன் மொழியிலும் ஒதுக்கச் சொற்களே கிடையாது. ‘இஃப்’ என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் தர வரையறை இருவகை மேற்கோளையும் பிரித்து ஆள்கிறது: ஒற்றை மேற்கோள் சரத்துக்கு, இரட்டை மேற்கோள் பெயருக்கு. ஒதுக்கச் சொல்லாகிய ‘ஆர்டர்’ என்பதை அட்டவணையின் பெயராக்க வேண்டுமானால் இரட்டை மேற்கோளுக்குள் இடலாம்.

தமிழ் எழுத்துமுறை கொண்டுவரும் சிக்கல்கள் தனி. குழித்துறை என்பது நம் கணக்கில் கு, ழி, த், து, றை என ஐந்து எழுத்து. ஒருங்குறியில் மெய்யின் அடிப்படை வடிவம் தனி, உயிர்க்குறியும் புள்ளியும் தனி என்பதால் அதே சொல் பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் முப்பது பைட்டுகள். பைத்தானிடம் இந்தச் சரத்தின் நீளம் கேட்டால் பத்து என்றே சொல்லும். எழில் முயற்சியோடு வளர்ந்த ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகம் இதை ஐந்தாக எண்ணித் தரும். பைத்தானின் தேடல்கோவைகளில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) ‘சொல்லெழுத்து’ என்ற வகை உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்ப்பதில்லை. அந்த வகையை நம்பிச் சொற்களைப் பிரித்தால் குழித்துறை க, ழ, த, த, ற என்று சிதறிவிடும். ‘முடி’யை ஒதுக்கச் சொல்லாகக் கண்டுகொண்டு ‘முடிவு’ என்ற மாறியைத் தொடாமல் விடும் பகுப்பியை எழுதுபவர் இதையெல்லாம் தாமே கவனித்தாக வேண்டும்.

குழித்துறை ஆற்றுக்கு நீர் தரும் கோதையாற்றின் பெயர் மற்றொரு நுட்பத்தைக் காட்டும். முதலெழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3, தமிழில் மாறிப்பெயர் வைக்க இடம் தந்தது. பெயர்களை அது ஒரே குறியீட்டு வடிவத்துக்கு மாற்றி இயல்பாக்கம் செய்வதால் இருவகை கோதையாறும் ஒரே மாறிதான். மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை அது தொடுவதில்லை. ஆகவே அங்கே இரண்டும் வெவ்வேறு. ஒப்பிட்டால் ‘சமமல்ல’ என்றே விடை வரும். மேற்கோளுக்குள் உள்ளதை உள்ளபடியே காப்பது மொழியின் கடமை என்பதால், இதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஒப்பிடும் முன் இயல்பாக்கிக்கொள்வது நிரலரின் பொறுப்பு.

வகுப்பறையில் அதிகம் இடறச் செய்வது மேற்கோள் குறியின் வடிவம். விசைப்பலகையின் நேர் மேற்கோளுக்கு ஒருங்குறியில் எண் 34. சொற்செயலிகள் அதை வளைந்த மேற்கோளாகத் தாமே மாற்றிவிடுகின்றன. திறக்கும் குறி 8220, மூடும் குறி 8221. இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் வளைந்த குறியே அழகு. பைத்தானோ அதைக் கண்டவுடன் செல்லாத எழுத்து என்று நிறுத்திவிடும்.

தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் கற்பிக்கப்படுகின்றன. தமிழ்வழிப் பாடநூலிலும் கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. அந்த மொழிகளுக்குப் போகும் முன் எழிலில் சில வாரம் பழகிய மாணவர், எது கட்டளை எது சரம் என்பதை எழுத்து வடிவத்தின் துணையில்லாமல் கற்றிருப்பார். எழில் கட்டற்ற மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியர்கள் அதை ஒரு முறையாவது வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். எடுத்துக்காட்டுகளைச் சொற்செயலியில் தட்டாமல், நேர் மேற்கோளை மாற்றாத எளிய உரைத்தொகுப்பியில் எழுதித் தர வேண்டும்.