வாக்குரிமையும் வரிப்பணமும்

"வரி இறுக்காதவனுக்கு வாக்கு எதற்கு?" என்று நம் பெரியோர் சிலர் தேர்தல் காலந்தோறும் கேட்பதுண்டு. வாலிபர்களாகிய நாமும் விடை தெரியாது வாளாவிருந்ததுண்டு. கேள்வி புதியதன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கை முழுவதிலும் இதுவே பெரும் வழக்காயிருந்தது. அவ்வழக்கை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

அக்காலத்தில் வரி இறுத்தவர் யாவர்? வயல்சூழ்ந்த மாவடிப்பள்ளியில் வாழும் நமக்கு நெல்வரியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1892இல் அதனை நீக்கச் சட்டமாகும்வரை உழவன் தன் விளைச்சலின் பேரில் அரசினர்க்கு இறுத்து வந்தான். 1848ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், வயதுவந்த ஆண்கள் ஆண்டுதோறும் 6 நாள் தெருவேலை செய்ய வேண்டும். அன்றேல் அதற்கீடாகப் பணங் கட்ட வேண்டும் என்றாயிற்று. இதுவே தலைவரி. செல்வர் சில்லறையைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தனர். ஏழைகள் மண்வெட்டியுடன் தெருவுக்குச் சென்றனர். உப்பும் அரசினர் கையிலே. பிறநாட்டு அரிசிக்கும் துணிக்குஞ் சுங்கத் தீர்வை. வருமான வரியோ 1932 வரை இந்நாட்டில் இருக்கவேயில்லை!

இவ்வளவும் இறுத்த மக்களுக்கு வாக்கு இருந்ததா? 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகப் பொன். இராமநாதன் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானபோது வாக்காளர் சில ஆயிரவரே. 1924இலும் அவர்கள் 2 இலட்சத்தைச் சற்றே கடந்தனர். குடிசனத்தில் 100க்கு 4 பேர். எழுத்தறிவோடு, ஆண்டுக்கு 600 ரூபா வருமானம் அல்லது 1500 ரூபா பெறுமதியான ஆதனம் போன்ற தகைமையும் உடைய ஆண்மகனே வாக்காளன். வரி என்பது பேச்சுக்கு, அளக்கப்பட்டது ஆஸ்தி.

தலைவரியைக் கட்ட மறுத்துத் தெருவிற் கல்லுடைக்கச் சென்றவர் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா. 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, அனைவர்க்கும் வாக்கு வேண்டுமென்று கேட்டவர்களுள் அவருடைய தொழிற்சங்கமும் ஒன்று. வாக்கில்லாதவர் நலனைச் சபை கவனியாது என்பதை ஆணைக்குழுவினரும் உணர்ந்தனர். ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்களிக்கலாம் என்றனர். பின்னர் பெண்களுக்கும் 21 என்றே முடிவாயிற்று. சட்டநிரூபண சபையில் டொனமூர்த் திட்டம் 19க்கு 17 என்ற வாக்குகளாலேயே தப்பிப் பிழைத்தது. இராமநாதன் அதனை முற்றாக எதிர்த்தார். முதுமையிலும் 1930இல் இங்கிலாந்து சென்று முறையிட்டார். சிறுபான்மையோரின் நிலைபற்றி அவர் அஞ்சியது வீணன்று என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று. எனினும், ஏழைக்கும் பெண்ணுக்கும் வாக்கு ஆகாதென்ற கருத்தில், நாம் போற்றும் அப்பெரியாரோடு நாம் உடன்படோம்.

1931இல் சர்வசன வாக்குரிமைப்படி தேர்தல் நடந்தது. வாக்காளர் ஏறத்தாழ 15 இலட்சம். நம் பகுதி அடங்கிய மட்டக்களப்புத் தெற்குக்கு எச். எம். மாக்கான் மாக்கார் உறுப்பினராகி மந்திரியுமானார். இனி ஒன்றைக் கவனியுங்கள். வருமான வரிச் சட்டம் வந்தது அதற்கடுத்த ஆண்டிலே. ஏழைக்கு வாக்குக் கிடைத்த பின்னரே செல்வர் தம் வருமானத்துக்கு வரி இறுக்கத் தொடங்கினர்! 1945இல் இலவசக் கல்வியை நிறைவேற்றியதும் இவ்வாறு தெரிவான அரசாங்க சபையே. இன்றோ ஒரு சவர்க்காரக் கட்டி வாங்குபவரும் வரி இறுக்கின்றார். வரி இறுக்காதவன் எவன் என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

வரிக்கும் வாக்குக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதற்கு மலைநாட்டைப் பார்த்தாற் போதும். அங்குள்ள தோட்டத் தொழிலாளர் பறித்த தேயிலையின் ஏற்றுமதித் தீர்வையால் அரசாங்கத்தின் கருவூலம் நிறைந்தது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அத்தொழிலாளரிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952இல் அவர்கள் சார்பில் ஒருவரும் இல்லை. எஞ்சியோர் பிரசாவுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்கள் பெயர்கள் இடாப்பில் வெட்டுண்ட ஆண்டிலும் தேயிலைக்குத் தீர்வை வாங்குவது நிற்கவில்லை.