நோயுற்ற கலைஞரும் நலம் கேட்கும் ரசிகரும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் காலையில், ஹைதராபாத் நகரின் ஜூப்ளி ஹில்ஸ் பகுதியிலுள்ள அப்போலோ மருத்துவமனையில் நடிகர் ரஜினிகாந்த் சேர்க்கப்பட்டார். நகருக்கு வெளியே ராமோஜி திரைப்பட நகரில் 'அண்ணாத்த' என்ற படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. குழுவினர் சிலருக்குக் கொரோனாத் தொற்று கண்டதால் அது நிறுத்தப்பட்டது. ரஜினிகாந்துக்குத் தொற்று இல்லை; ஆயின் அவருடைய இரத்த அழுத்தம் பெரிதும் ஏறி இறங்கிற்று. இவற்றை மருத்துவமனையே அறிக்கை வாயிலாகத் தெரிவித்து, எவரும் நேரில் காண வரவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. 27ஆம் நாள் அவர் மருத்துவமனையை விட்டு வெளியேறினார். இடைப்பட்ட நாட்களில், இந்நகரில் வாழும் தமிழராகிய நமக்குச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த தொலைபேசி அழைப்புகள் பல. ஹைதராபாத்தில் குடியிருப்பதாலேயே நோயாளியின் நாடித்துடிப்பு நமக்குத் தெரிந்திருக்கும் என்று உறவினர் நம்பினர் போலும்!

அவ்விசாரிப்பை நகையாடுதல் எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. ஊரை விட்டு வந்து சிக்கந்தராபாத்திலும் மும்பையிலும் தில்லியிலும் வாழ்கின்ற தமிழர்க்கு, வேற்றுமொழி சூழ்ந்த தெருவிலே தாய்மொழியை நாள்தோறும் காதில் ஒலிக்கச் செய்பவர்கள் நம் பாடகரும் நடிகருமே. அவர்களுள் ஒருவர் நோய்வாய்ப்பட்டால் உள்ளம் பதறுவது இயல்பு. ஆராய வேண்டியது வேறு. அப்பதற்றம் ஓர் உரிமையைத் தருமா? தம் நோயைப் பிறர் அறிய விரும்பாத ஒருவரிடம், உமது உடம்புக்கு என்ன என்று கேட்டு விடைபெறும் உரிமை ரசிகருக்கு உண்டா? நம் அண்மைக்கால வரலாறு இதற்கு ஒரே விடையைத் தரவில்லை.

தமிழகத்தில் ஒரு நடிகரின் காயம் பொதுமக்களின் சொத்தாக ஆன முதற்பெரு நிகழ்ச்சி 1967இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி. இராமச்சந்திரனை நடிகர் எம்.ஆர். ராதா சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. அடுத்த மாதம் பொதுத் தேர்தல். கழுத்தில் கட்டுடன் படுக்கையில் இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் காட்சியளித்தது. அவரும் மருத்துவமனையிலிருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். ரசிகர் கேட்பதற்கு முன்னரே அவருக்குக் காட்டப்பட்ட காயம் அது. காட்டியதனால் பயன் அடைந்தோரும் இருந்தனர். இதனை நாம் மறந்துவிடலாகாது. நோய்ச் செய்தி என்பது நோயாளிக்கும் ரசிகருக்கும் இடையில் மட்டும் நடக்கும் உரையாடலன்று. அச்செய்தியைக் கையில் வைத்திருக்கும் மூன்றாமவர் ஒருவரும் எப்போதும் இருக்கிறார்.

அம்மூன்றாமவரின் கை 1984இல் நன்கு புலப்பட்டது. முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்தது, பக்கவாதமும் தாக்கிற்று. நவம்பர் 5ஆம் நாள் தனி விமானத்தில் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று, நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் சேர்த்தனர். தமிழ்நாடெங்கும் கோயில்களில் அர்ச்சனை, மசூதிகளிலும் தேவாலயங்களிலும் வேண்டுதல். தம் உடம்பை வருத்திக்கொண்டவரும், உயிரையே மாய்த்துக்கொண்டவரும் உண்டு. டிசம்பர் 24இல் தேர்தல். தலைவர் உயிரோடிருக்கிறாரா என்பதே ஐயமாகப் பேசப்பட்ட வேளையில், மருத்துவமனையில் அவர் உணவு உண்பதும் பத்திரிகை பார்ப்பதுமாகிய காட்சிகள் படம்பிடிக்கப்பட்டு ஊர்தோறும் திரையிடப்பட்டன. ஆண்டிபட்டித் தொகுதிக்கு ஒருநாளேனும் வாராமல் அவர் வென்றார். 1985 பிப்ரவரி 4ஆம் நாள் தாயகம் திரும்பி, மீண்டும் முதலமைச்சரானார். அந்தக் குறும்படம் அவர் உயிரோடிருக்கிறார் என்பதற்குச் சான்று. ஆட்சிப் பொறுப்பைத் தாங்க வல்லவரா என்பதற்குச் சான்றன்று. ரசிகர் கேட்டது முதற்கேள்வி. வாக்காளர் கேட்டிருக்க வேண்டியது இரண்டாம் கேள்வி. இரண்டும் ஒரே மனிதரின் நெஞ்சில் கலந்து கிடந்தமையால், முதலாவதற்கு விடை கிடைத்ததும் இரண்டாவது மறைந்தேபோயிற்று.

அதே 1984இல் ஹைதராபாத்திலும் ஒரு காட்சி அரங்கேறியது. ஆந்திரப் பிரதேச முதலமைச்சராக இருந்த நடிகர் என்.டி. ராமராவ் இதய அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்று, ஆகஸ்டு நடுவில் திரும்பினார். உடல் தேறுவதற்கு முன்பே, ஆகஸ்டு 16ஆம் நாள் ஆளுநர் ராம்லால் அவரைப் பதவி நீக்கி, அமைச்சரவையிலிருந்த நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதலமைச்சராக்கினார். ராமராவ் ஓய்வெடுக்கவில்லை. தம் உறுப்பினர்களைத் தில்லிக்கு அழைத்துச் சென்று குடியரசுத் தலைவர் முன்னிலையில் நிறுத்தினார். செப்டம்பர் 16இல் பதவி மீண்டது. ஆளுவோருக்கு நோய் என்பது அவ்வளவில் நின்றுவிடுவதில்லை என்பதை இந்நகர மக்கள் அன்று கண்ணெதிரே கண்டனர்.

ஆகவே ஆட்சியில் இருப்பவரையும் கலைஞரையும் ஒரே தட்டில் நிறுத்தல் பொருந்தாது. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, எழுபத்தைந்து நாட்கள் சென்னை மருத்துவமனையில் இருந்து மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதா தம் சொந்த வாழ்வைப் பிறர் பார்வைக்கு விடாதவர். முதலில் காய்ச்சலும் நீரிழப்பும் என்றே அறிக்கை வந்தது. பின்னர் வந்த அறிக்கைகள் பலவாயினும், அந்நாட்களில் ஒரு புகைப்படமேனும் வெளியாகவில்லை. அவருடைய மறைவை ஆராய 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் 2022இல் அறிக்கை அளிக்கும்வரை வதந்திகள் ஓயவில்லை. அதன்பின்னும் முற்றிலும் ஓய்ந்தன என்று சொல்வதற்கில்லை. நடிகை என்ற முறையில் அவருடைய மௌனம் மதிக்கத்தக்கது. ஒரு மாநிலத்தின் கோப்புகளில் கையொப்பமிட வேண்டியவர் என்ற முறையில், அவர் நிலையை அறிய மக்களுக்கு உரிமை இருந்தது.

ஆட்சிப் பொறுப்பு எதுவும் இல்லாத கலைஞர் செய்தி என்ன? நடிகையர் திலகம் சாவித்திரியை எண்ணிப் பார்ப்போம். 1980இல் நினைவிழந்த அவர், ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் அந்நிலையிலேயே கிடந்து, 1981 டிசம்பர் 26ஆம் நாள் சென்னையில் காலமானார். மெலிந்து, அடையாளம் தெரியாமல் படுக்கையில் கிடக்கும் அவருடைய புகைப்படம் ஒன்று இன்றும் கைக்குக் கை உலவுகிறது. அப்படம் எடுக்கப்பட்டபோது சம்மதம் தரும் நிலையில் அவர் இல்லை. அதைக் கண்டு எவருக்கு என்ன ஆறுதல் கிட்டிற்று? தெலுங்கரும் தமிழரும் ஒருசேரக் கொண்டாடிய அம்முகத்தை நினைக்கும்போது, இப்படமும் கூடவே வந்து நிற்கிறது. ரசிகரின் ஆவலுக்கு ஒரு கலைஞர் கொடுத்த விலை இது. கொடுக்கலாமா என்று அவரை எவரும் கேட்கவில்லை.

வானொலியில் இத்தகைய செய்திகள் ஒலிக்கத் தொடங்கிய கதையும் கேட்கத்தக்கது. 1936 ஜனவரி 20ஆம் நாள் இரவு, இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மரணப்படுக்கையில் இருந்தபோது, மன்னரின் வாழ்வு அமைதியாக முடிவை நெருங்குகிறது என்று தலைமை மருத்துவர் டாசன் பிரபு எழுதிய அறிக்கையை லண்டன் வானொலி மீண்டும் மீண்டும் ஒலிபரப்பியது. நள்ளிரவுக்குச் சற்று முன் மன்னர் மறைந்தார். அந்த வாசகத்தின் கம்பீரத்தை உலகம் வியந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1986இல், டாசனின் குறிப்புகள் வெளிவந்தன. அவரே ஊசி வாயிலாக மருந்தைச் செலுத்தி மரணத்தை விரைவுபடுத்தியிருந்தார். மாலைப் பத்திரிகைகளில் அல்லாமல், மறுநாள் காலை டைம்ஸ் பத்திரிகையில் செய்தி முதலில் வரவேண்டும் என்பதும் அவர் எண்ணிய காரணங்களுள் ஒன்று. நோயாளிக்காக அறிக்கை என்பது போய், அறிக்கைக்காக நோயாளி என்று ஆன விபரீதம் அது.

மருத்துவமனை அறிக்கைகளின் மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் காலம் கழிக்கும் நம் கண்ணில் அது உறுத்துகிறது. ஆங்கில அறிக்கைகளில் 'ஸ்டேபிள்' என்றொரு சொல் தவறாமல் வரும். நோயாளியின் நிலையில் மாற்றமில்லை என்பதே அதன் பொருள். நிலைமை மோசமாக இருந்து, அம்மோசத்திலேயே நிலைத்து நின்றாலும் மருத்துவர் அச்சொல்லையே ஆள்வர். தமிழ்ச் செய்தியில் அது 'சீராக உள்ளது' என்று ஆகிவிடுகிறது. 'சீர்' என்றதும் நம்மவர் நலம் என்று கொள்கிறார்கள். மறுநாள் மரணச் செய்தி வந்தால், ஏமாற்றினார்கள் என்று கொதிக்கிறார்கள். மருத்துவர் பொய் சொல்லவில்லை, சொல் மாறிப்போயிற்று. 'மாற்றமின்றி உள்ளது' என்று எழுதுவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

சட்டம் இதில் கலைஞர் பக்கமே நிற்கிறது. நோயாளியைப் பற்றி அறிந்ததை மருத்துவர் வெளியிடலாகாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறின. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எனினும், வழக்கு மன்றத்துக்குச் சென்று தம் ரசிகரைத் தடுக்க எந்த நடிகர் துணிவார்?

மீண்டும் ரஜினிகாந்திடம் வருவோம். 2011இல் சிங்கப்பூரில் அவர் சிகிச்சை பெற்றதை நாடறியும். 2016இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்று அறுவை நடந்ததோ அப்போது பறைசாற்றப்படவில்லை. 2020 அக்டோபரில் அவர் எழுதியதாக ஒரு கடிதம் ஊரெங்கும் உலவிற்று. அரசியலுக்கு வருவது உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்ததாக அதில் கண்டிருந்தது. அவர் சொன்ன மறுமொழி விந்தையானது: கடிதம் தம்முடையதன்று, உடல்நிலை பற்றிய தகவல் உண்மையே. தம் நோயைத் தாம் விரும்பிய வேளையில், தம் வாயால் சொல்லும் வாய்ப்பை யாரோ பறித்துக்கொண்டனர். டிசம்பர் 3ஆம் நாள் கட்சி தொடங்கப்போவதாக அறிவித்தவர், ஹைதராபாத் சிகிச்சைக்குப் பின் 29ஆம் நாள், உடல்நிலையை விளக்கி, வர இயலாது என்று எழுதினார். இனி ரசிகருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் நிகழ்ந்தது என்ன? 2021 ஜனவரி 10ஆம் நாள் ரசிகருள் ஒரு பகுதியினர் சென்னை வள்ளுவர் கோட்டத்தில் திரண்டு, வந்தே தீரவேண்டும் என்று முழங்கினர். தம்மை மேலும் நோகச் செய்ய வேண்டாம் என்று அவர் மறுநாள் வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

அறிந்தால் அமைதி பெறுவர் என்ற வாதம் வள்ளுவர் கோட்டத்தில் தோற்றது என்றே நாம் கருதுகிறோம். அன்பு, நுழைவுச் சீட்டு, சுவரொட்டி, பாலாபிஷேகம் இவற்றுள் எதுவும் ஒருவரின் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும் உரிமையைத் தாரா. ஆனால் ரசிகருக்கு உரியதும் ஒன்று உண்டு. அவரிடம் பொய் சொல்லக் கூடாது. மௌனம் காக்க நோயாளிக்கு உரிமை உண்டு. 'சாதாரணக் காய்ச்சல்' என்று பொய் சொல்லிக் கோடிக்கணக்கானோரைத் தேற்ற, அவரைச் சூழ்ந்தோருக்கு உரிமை இல்லை. சொல்ல விரும்பவில்லை என்று சொல்வதும் ஓர் அறிக்கையே. நம் மருத்துவமனைகள் அதை இன்னும் கற்கவில்லை.

பின்னணிப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்டு 5ஆம் நாள் சென்னையில் மருத்துவமனை சேர்ந்தபோது, தொற்று லேசானதே, கவலை வேண்டாம் என்று தாமே படக்கருவி முன் தோன்றிக் கூறினார். சில நாட்களில் நிலை மோசமாயிற்று. அவரால் பேச இயலவில்லை. அப்போது பேசியவர் மகன் சரண். மருத்துவர் சொன்னதைச் சொன்னார்; ஆகஸ்டு 24ஆம் நாள் தந்தைக்குத் தொற்று நீங்கிற்று என்று எங்கும் பரவிய நற்செய்தியை, அது உண்மையன்று என்று தாமே மறுத்தார். மகிழ்ச்சியான வதந்தியை மறுப்பதற்கு மிகுந்த மனவுறுதி வேண்டும். செப்டம்பர் 25ஆம் நாள் பாடகர் மறைந்தார். ஹைதராபாத்தில் தெலுங்கு அண்டை வீட்டாரும் நாமும் ஒரே வேளையில் அழுதோம். நம்மை ஏமாற்றினார்கள் என்று எவரும் சொல்லவில்லை.

இந்நகரிலேயே வாழ்ந்த மற்றொருவர் அக்கினேனி நாகேசுவர ராவ். 'தேவதாஸ்' வாயிலாகத் தமிழர் வீடுகளிலும் புகுந்தவர். 2013 அக்டோபரில், எண்பத்தொன்பது வயதில், அவர் ஹைதராபாத்தில் பத்திரிகையாளரை அழைத்துத் தமக்கு வயிற்றில் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று தாமே அறிவித்து, மக்களின் ஆசியை வேண்டினார். வதந்தி முளைப்பதற்கு அவர் இடமே வைக்கவில்லை. மகனும் பேரனும் உடன் நடித்த 'மனம்' என்ற படத்தில் தம் பங்கை முடித்துக்கொடுத்து, 2014 ஜனவரி 22ஆம் நாள் காலமானார். படம் மே 23ஆம் நாள் வெளிவந்தது. திரையரங்கில் அவரைக் கண்டபோது, அந்த மாதங்களில் அவர் உடல் பட்ட பாடு என்ன என்று நம்முள் எவரும் கேட்கவில்லை.