குழாய்க் கடனை அடைப்பவர் யார்? நீர் வாரியக் கடன்களும் குடியிருப்போர் உரிமையும்

தண்ணீர் உரிமை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை 1927ஆம் ஆண்டின் மகத் குளமும் 2022ஆம் ஆண்டின் வேங்கைவயல் தொட்டியும். தண்ணீரை யார் தொடலாம், யார் குடிக்கலாம் என்பதே அங்கெல்லாம் எழுந்த கேள்வி. அதனோடு பிணைந்த வேறொரு கேள்வி அதிகம் பேசப்படுவதில்லை. குழாயும் தொட்டியும் சுத்திகரிப்பு நிலையமும் கடன் வாங்கிக் கட்டப்படும்போது, அந்தக் கடனை அடைப்பவர் யார்? அடைப்பவருக்குக் கடனைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டா?

இக்கேள்வி மிக நீண்ட காலமாக நீதிமன்றங்களில் விவாதிக்கப்பட்டுவரும் நாடு அமெரிக்கா. அங்கே கறுப்பின மக்கள் பெற்ற அனுபவம் நமக்குப் பாடமாகக் கூடியது. கடன் பத்திரம் வழியாக நகராட்சிகள் பணம் திரட்டும் அந்த முறை தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டதால், அதன் இயக்கத்தை அறிந்துகொள்வது அவசியம்.

நீர் வாரியம் என்பது என்ன?

அமெரிக்காவில் 'வாட்டர் டிஸ்ட்ரிக்ட்' எனப்படுவது வருவாய் மாவட்டம் அன்று. குறிப்பிட்ட எல்லைக்குள் நீர் வழங்குவதற்காக மட்டும் மாநிலச் சட்டத்தின் கீழ் அமைக்கப்படும் உள்ளாட்சி அமைப்பு அது. இக்கட்டுரையில் அதை நீர் வாரியம் என்றே குறிப்பிடுகிறேன். கட்டணம் வசூலிக்கவும் கடன் பத்திரம் வெளியிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. பல வாரியங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. வாரியம் இல்லாத இடங்களில் நகராட்சியோ கவுண்டி நிர்வாகமோ இப்பணியைச் செய்கிறது. கடன் அடைக்கும் முறை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கடன் அடைபடும் மூன்று வழிகள்

முதலாவது, மாதக் கட்டணம். நீர்க் கட்டணத்தையும் கழிவுநீர்க் கட்டணத்தையும் மட்டும் ஈடாகக் காட்டி வெளியிடப்படுபவை வருவாய்ப் பத்திரங்கள். வீட்டுக்கு வரும் ரசீதில் 'நிலைக் கட்டணம்' என்றிருக்கும் தொகையின் பெரும்பகுதி இக்கடனுக்கே போகலாம். இரண்டாவது, சொத்து வரி. வரி விதிக்கும் அதிகாரத்தையே ஈடாக வைப்பவை பொதுப் பொறுப்புப் பத்திரங்கள். மூன்றாவது, திட்டத்தால் பயன்பெறும் ஒவ்வொரு மனையின் மீதும் விதிக்கப்படும் சிறப்புத் தீர்வை. புதிய வீடுகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணத்தையும் இதனோடு சேர்க்கலாம்.

இவற்றில் ஏழைகளை அதிகம் அழுத்துவது முதல் வழியே. சொத்து வரி சொத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறும், இறங்கும். நிலைக் கட்டணமோ குடிசைக்கும் மாளிகைக்கும் பெரும்பாலும் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வாரியம் 10 கோடி டாலரை 5 விழுக்காடு வட்டிக்கு, 30 ஆண்டுத் தவணையில் வாங்குகிறது என்று கொள்வோம். ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகை சுமார் 65 லட்சம் டாலர். முடிவில் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை சுமார் 19.5 கோடி டாலர், அதாவது வாங்கியதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 50,000 இணைப்புகள் இருந்தால் ஓர் இணைப்புக்கு மாதம் சுமார் 11 டாலர்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. பத்திர ஒப்பந்தத்தில் கட்டண உறுதிமொழி என்றொரு பிரிவு இருக்கும். ஆண்டுத் தவணையைப் போல 1.25 மடங்கு நிகர வருவாய் வரும் அளவுக்குக் கட்டணத்தை வைத்திருப்போம் என்று வாரியம் முதலீட்டாளருக்கு வாக்களித்திருந்தால், அந்த 11 டாலர் 13.50 டாலராகிறது. வேலையின்றி 10,000 குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால், எஞ்சியவர்கள் மீது அது ஏறக்குறைய 17 டாலராக விழுகிறது. ஊர் வறுமையடைய வறுமையடையக் கட்டணம் உயர்வது இந்த ஒப்பந்தத்தின் இயல்பான விளைவு. உறுதிமொழி அளிக்கப்பட்டது முதலீட்டாளருக்கு. அதை நிறைவேற்றுபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத குடியிருப்பாளர்.

ஜெஃபர்சன் கவுண்டி: 2053 வரை நீளும் தவணை

அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரம் அமைந்துள்ள ஜெஃபர்சன் கவுண்டி இதற்குத் தெளிவான சான்று. கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தின் களங்களுள் ஒன்றான அந்நகரில், 1990களில் ஆறுகளில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 1996இல் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் பிறந்த ஒப்புதல் ஆணைப்படி, 21 நகராட்சிகளின் பழுதடைந்த கழிவுநீர்க் குழாய்களையும் கவுண்டி நிர்வாகமே ஏற்றுச் சீரமைக்க வேண்டியதாயிற்று. நோக்கம் நல்லதே. ஆனால் அதற்காக வாங்கிய கடன் 320 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்தது.

2002, 2003 ஆண்டுகளில் இக்கடனின் பெரும்பகுதி, மாறும் வட்டிக் கடனாகவும் வட்டி மாற்று ஒப்பந்தங்களாகவும் உருமாற்றப்பட்டது. 2008 நிதி நெருக்கடியில் பத்திரச் சந்தை உறைந்து, காப்பீட்டு நிறுவனங்களின் தரம் சரிந்தபோது, குறைக்கும் என்று சொல்லப்பட்ட வட்டி தாறுமாறாக ஏறியது. இதற்கிடையே கட்டுமான ஒப்பந்தங்களிலும் பத்திர விற்பனையிலும் கையூட்டு நடந்தது வெளிப்பட்டது. கவுண்டி ஆணையத்தின் தலைவராக இருந்த லாரி லாங்ஃபோர்ட் 2009இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 2010இல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடுத்த நடவடிக்கையில், ஜேபி மார்கன் நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 2009இல் சமரசத்துக்கு வந்தது. 2.5 கோடி டாலர் அபராதம், கவுண்டிக்கு 5 கோடி டாலர், கைவிடப்பட்ட ஒப்பந்த முறிவுக் கட்டணம் 64.7 கோடி டாலர் என்பன அதன் நிபந்தனைகள்.

2011 நவம்பரில் கவுண்டி திவால் மனு தாக்கல் செய்தது. 2013இல் டெட்ராய்ட் திவாலாகும் வரை அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. 2013 டிசம்பரில் ஏற்பட்ட தீர்வின்படி, ஜேபி மார்கன் உள்ளிட்ட கடன்காரர்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். சுமார் 180 கோடி டாலருக்குப் புதிய பத்திரங்கள் வெளியாயின. அவற்றின் கடைசித் தவணை 2053. கழிவுநீர்க் கட்டணம் முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7.89 விழுக்காடும், பின்னர் ஆண்டுதோறும் 3.49 விழுக்காடும் உயரும் என வகுக்கப்பட்டது. 3.49 விழுக்காடு சிறியதாகத் தோன்றலாம்; அந்த வேகத்தில் ஒரு கட்டணம் சுமார் இருபது ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும்.

கையூட்டால் வீங்கிய கடனை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டுக் கட்டணம் செலுத்துவோர் சிலர் மேல்முறையீடு செய்தனர். 2018இல் பதினோராவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. திட்டம் நடைமுறைக்கு வந்து, அதை நம்பி முதலீட்டாளர்கள் பத்திரங்களை வாங்கிவிட்ட பின் பின்னோக்கிச் செல்வது நியாயமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். முதலீட்டாளரின் நம்பிக்கை எடைபோடப்பட்ட அளவுக்குக் குடியிருப்பாளரின் சுமை எடைபோடப்படவில்லை என்பது என் வாசிப்பு.

செலுத்துபவருக்கு வாக்கு உண்டா?

இது குறித்து அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைச் சட்ட மாணவர்கள் ஒருசேர வாசிக்க வேண்டும்.

லூசியானாவின் ஹூமா நகரில், நீர், எரிவாயு, மின்சாரப் பணிகளுக்கான வருவாய்ப் பத்திரங்களை வெளியிடலாமா என்ற வாக்கெடுப்பில் சொத்து வரி செலுத்துவோர் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. சிப்ரியானோ எதிர் ஹூமா நகரம் வழக்கில் (1969) உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதது என்றது. கடன் அடைபடுவது கட்டணத்தால். கட்டணத்தை வாடகைதாரரும் செலுத்துகிறார். எனவே அவரை விலக்க முடியாது. அடுத்த ஆண்டே ஃபீனிக்ஸ் வழக்கில், சொத்து வரியால் அடைபடும் பத்திரங்களுக்கும் இதே நெறி விரிந்தது.

1973இல் காற்று திசை மாறியது. கலிபோர்னியாவின் துலாரே ஏரிப் படுகை நீர்த்தேக்க வாரியத்தில் நில உரிமையாளருக்கு மட்டுமே வாக்கு; அதுவும் 100 டாலர் நில மதிப்புக்கு ஒரு வாக்கு. 1,93,000 ஏக்கரில் ஏறத்தாழ 85 விழுக்காடு நான்கு நிறுவனங்களின் கையில் இருந்தது. குடியிருந்த 77 பேரில் பெரும்பாலோர் அந்நிறுவனங்களின் தொழிலாளர்கள். வாரியத்தின் செலவு நிலத்தின் மீதே விழுகிறது என்று கூறி, சாலியர் வழக்கில் நீதிமன்றம் இம்முறையை ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி டக்ளஸ், 1969 வெள்ளத்தின்போது நீரைத் திருப்பிவிடும் தீர்மானத்தை வாரியம் ஆறுக்கு நான்கு என்ற வாக்கில் ஒத்திவைத்ததைச் சுட்டிக்காட்டினார். நீர் திருப்பிவிடப்பட வேண்டிய நிலம், பெரும்பான்மை வாக்குகளை வைத்திருந்த நிறுவனத்தின் குத்தகையில் இருந்தது. வாக்கற்ற குடியிருப்பாளர் ஒருவரின் வீடு வெள்ள மட்டத்துக்குப் பதினைந்தரை அடி கீழே இருந்தது.

1981இல் பால் எதிர் ஜேம்ஸ் வழக்கு இன்னும் ஒரு படி சென்றது. அரிசோனாவின் சால்ட் ரிவர் வாரியம் லட்சக்கணக்கானோருக்கு மின்சாரம் விற்று, அந்த வருவாயால் பத்திரக் கடனை அடைத்துவந்தது. ஆயினும் ஏக்கர் அடிப்படையிலான வாக்குரிமை செல்லும் என ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. செலுத்துபவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறொருவர் என்ற நிலை இவ்வாறு சட்ட ஏற்புப் பெற்றது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீடுகளுக்குக் குடிநீர் வழங்கும் வாரியங்கள் பலவற்றில் குடியிருப்போரே இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். கலிபோர்னியாவில் 1996இல் நிறைவேறிய 218ஆம் முன்மொழிவின்படி, கட்டணத்தை உயர்த்தும் முன் 45 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பெரும்பான்மையோர் எழுத்து வழியாக எதிர்த்தால் உயர்த்த முடியாது.

செலுத்த முடியாதபோது

2014இல் திவால் நடவடிக்கைகளின் நடுவே, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் டெட்ராய்டில் ஆயிரக்கணக்கான வீடுகளின் நீர் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் நேரில் வந்து பார்த்துக் கண்டித்தனர். ஈயம் கலந்த நீரைக் குடிக்க நேர்ந்த ஃபிளின்ட் நகரில், 2017இல் 8,000க்கும் மேற்பட்ட வீட்டு உரிமையாளர்களுக்கு, நீர்க் கட்டண நிலுவைக்காக வீட்டின் மீது வில்லங்கம் பதியப்படும் என்று அறிவிப்பு அனுப்பப்பட்டது. மக்கள் எதிர்ப்பால் நகரமன்றம் அதை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. தண்ணீர்க் கடன் வீட்டையே பறிக்கும் கடனாக மாறக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

நமக்கான தொடர்பு

2002-03இல் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் சிலவற்றின் குடிநீர், கழிவுநீர்த் திட்டக் கடன்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டு, நீர் மற்றும் துப்புரவுத் தொகுப்பு நிதியம் வழியாக 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றுக்குப் பகுதி உத்தரவாதம் அளித்தது அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் அமைப்பு. ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டிடமும் 5,000 ரூபாய் முன்வைப்பு பெறப்பட்டது. இத்தகைய திட்டங்கள் பல ஊர்களுக்கு நன்மையும் செய்துள்ளன. ஆனால் முன்வைப்பும் சொத்து வரி ரசீதும் இணைப்புக்கான நுழைவுச் சீட்டாகும்போது, பட்டா இல்லாப் புறம்போக்கில் வாழும் பட்டியலின மக்கள் வெளியே நிறுத்தப்படும் அபாயம் உண்டு.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2)(ஆ) பிரிவு, முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியால் பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்ட கிணறு, குளம் முதலியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானமும் பொதுப் பணத்தால் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடக் கோரியது. மகத் போராட்டத்தின் சட்ட வேர் அதில் இருக்கிறது. பொதுப் பணம் என்ற அடிப்படை, பத்திரம், கட்டணம், ஒப்பந்தம் என்று வடிவம் மாறும்போது, உரிமையும் புதிய வடிவில் வலியுறுத்தப்பட வேண்டும்.

உங்கள் ஊரில் குடிநீர் அல்லது பாதாளச் சாக்கடைத் திட்டம் அறிவிக்கப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் இவற்றைக் கேளுங்கள்:

1. மொத்தக் கடன், வட்டி விகிதம், தவணைக் காலம் எவ்வளவு? வட்டி நிலையானதா, மாறக்கூடியதா?
2. கட்டணத்தை ஆண்டுதோறும் உயர்த்துவதாகக் கடன் ஒப்பந்தத்தில் வாக்களிக்கப்பட்டுள்ளதா?
3. திட்ட வரைபடத்தில் சேரிப் பகுதியின் தெருக்கள் இடம்பெற்றுள்ளனவா? எந்தக் கட்டத்தில்?
4. பட்டா இல்லாதோருக்கும் வாடகைதாரருக்கும் இணைப்பு வழங்கும் விதி என்ன?
5. பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதி இத்திட்டத்தில் கணக்குக் காட்டப்பட்டுள்ளதா?
6. கட்டணம் நிலுவையானால் இணைப்பைத் துண்டிக்கும் முன் என்ன நடைமுறை?

ஜெஃபர்சன் கவுண்டி மக்கள் நீதிமன்றம் சென்றது பத்திரங்கள் விற்கப்பட்ட பிறகு. இக்கேள்விகளுக்கு எழுத்துவழிப் பதில் பெற வேண்டிய காலம், கடன் ஒப்பந்தத்துக்கு மன்றத்தில் தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்பு.