அலுவலக வலையமைப்பில் டிஎன்எஸ் கோளாறுகள்

அலுவலகத்தில் சர்வர், பிரிண்டர், இணையதளம் எதையும் பயனர் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். கணினிகளோ ஒன்றையொன்று ஐபி முகவரி என்னும் எண்ணால் அறிகின்றன. பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். இத்தேடல் தவறினால், கேபிளும் சர்வரும் நன்றாக இருந்தும் "நெட் இல்லை", "சர்வர் வரவில்லை" என்றே புகார் வரும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாப் பெயர்களும் கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன. மற்ற கணினிகள் அதைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகவே அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்றும் அடிப்படையாக உள்ள வரையறைகள் 1987இல் வெளியாயின. பழைய கோப்பின் வாரிசான ஹோஸ்ட்ஸ் கோப்பு இன்னும் ஒவ்வொரு கணினியிலும் உண்டு. வழக்கமான அமைப்பில் அதிலுள்ள வரிக்கே முதலிடம். அவசரத்துக்கு எவரோ அதில் எழுதிவைத்த வரி, சர்வரின் எண் மாறிய பின் அந்த ஒரு கணினியை மட்டும் தவறான இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

முதல் சோதனை, பெயரையும் எண்ணையும் தனித்தனியே பார்ப்பது. சர்வரின் எண்ணுக்குப் பிங் போய், பெயருக்குப் போகாவிட்டால் கோளாறு பெயர்த் தேடலில் இருக்கிறது. ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். அப்போதும் பெயருக்கு எதிரே எண் தோன்றுகிறதா, அது சரியான எண்தானா என்று பார்த்தால் போதும். கணினியின் சொந்த எண் 169.254 என்று தொடங்கினால் டிஎன்எஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை.

அடுத்த கருவி என்எஸ்லுக்அப். இது ஹோஸ்ட்ஸ் கோப்பையும் கணினியின் தற்காலிக நினைவகத்தையும் பொருட்படுத்தாமல் டிஎன்எஸ் சர்வரிடமே நேராகக் கேட்கும். இது சரியான எண்ணைக் காட்ட, பிங் வேறு எண்ணைக் காட்டினால் பழுது அந்தக் கணினிக்குள்தான். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலையும் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அதனால் சர்வரில் பெயரைச் சேர்த்த பிறகும் பயனருக்குப் பழைய பிழையே வரலாம். ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஃப்ளஷ்டிஎன்எஸ் சேர்த்து இயக்கினால் விண்டோஸில் இந்த நினைவு அழியும். எதற்கெடுத்தாலும் இதையே மருந்தாக இயக்குவது மட்டும் வீண் வேலை.

அலுவலகங்களில் மிகப் பரவலான பிழை, உள் டிஎன்எஸ் சர்வரை முதலாவதாகவும் 8.8.8.8 போன்ற பொது சர்வரை இரண்டாவதாகவும் கொடுப்பது. முதலாவதில் கிடைக்காத பெயரை இரண்டாவதில் கணினி தேடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. முதல் சர்வர் பதிலே தராதபோதுதான் விண்டோஸ் அடுத்ததை நாடுகிறது. "இல்லை" என்பதும் அதற்கு முழுமையான பதில். உள் சர்வர் சற்றுத் தாமதித்தால் கணினி பொது சர்வருக்குத் தாவிச் சிறிது நேரம் அதையே பற்றிக்கொள்ளும். பொது சர்வருக்கு அலுவலகத்தின் உள் பெயர்கள் தெரியாது. ஆக்டிவ் டைரக்டரியோ, உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரை டிஎன்எஸ் பதிவுகள் வழியாகவே கண்டுபிடிக்கிறது. விளைவு: இணையம் ஓடும், உள்நுழைவு இழுக்கும், பகிர்ந்த கோப்புறை திறக்காது. சற்று நேரத்தில் தானாகச் சரியாகும், மீண்டும் கெடும். இரண்டாவது முகவரி வேண்டுமென்றால் அதுவும் உள் டிஎன்எஸ் சர்வராகவே இருக்க வேண்டும்.

ஒரு பிரிவில் மட்டும் பல கணினிகள் ஒரே நேரத்தில் தடுமாறினால், எவரோ கொண்டுவந்து செருகிய வீட்டு வைஃபை ரவுட்டரைத் தேட வேண்டும். அதுவும் டிஹெச்சிபி வேலையைத் தொடங்கித் தவறான டிஎன்எஸ் முகவரியை வழங்கிக்கொண்டிருக்கும்.

டிஎன்எஸ் கைவிடும் குறும்பெயர்களை விண்டோஸ் அக்கம்பக்கத்துக் கணினிகளிடம் உரக்கக் கேட்டும் பார்க்கும். நெட்பயாஸ், எல்எல்எம்என்ஆர் என்பவை அதற்கான வழிகள். இந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. ஒரே மாடியில் வேலை செய்யும் பெயர் அடுத்த கட்டடத்தில் வேலை செய்யாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

டிஎன்எஸ் சர்வர் பழுதில்லாமல் இருந்தும் அதை அடையும் வழி மறையலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் நடந்தது அதுதான்: வழித்தட அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டதால் அதன் டிஎன்எஸ் சர்வர்கள் எவருக்கும் எட்டவில்லை. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. ஊழியர்கள் பயன்படுத்தும் உள் கருவிகளும் தப்பவில்லை.

உள் வலையமைப்புக்குப் பெயரிடும்போதே சில தொல்லைகளைத் தவிர்க்கலாம். பல அலுவலகங்கள் தேர்ந்த 'லோக்கல்' என்ற விகுதி, அருகிலுள்ள கணினிகளிடமே பெயரைக் கேட்கும் எம்டிஎன்எஸ் முறைக்கென 2013இல் ஒதுக்கப்பட்டது. மேக் கணினிகள் அந்த விகுதியுள்ள பெயர்களை டிஎன்எஸ்ஸிடம் கேட்காமல் அருகிலேயே தேடித் திணறுவதுண்டு. நிறுவனம் பதிவுசெய்த தன் சொந்தப் பெயரின் கிளையொன்றை உள்ளே பயன்படுத்துவதே பாதுகாப்பு. அது இயலாதவர்களுக்காக 'இன்டர்னல்' என்ற விகுதியை இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2024இல் ஒதுக்கியிருக்கிறது.