வாடையும் கச்சானும்: திருகோணமலைத் துறையும் பருவமறிந்து வந்தோரும்

ஒரு நகரின் வரலாற்றை அரசர்களின் பெயர்களாலும் போர்களின் ஆண்டுகளாலும் வகுத்துரைப்பது மரபு. திருகோணமலையின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என வந்து சென்றோரின் வரிசையே அந்நகரின் வரலாறாகப் பாடநூல்களில் இடம்பெறுகின்றது. ஆயின் அவர்கள் அனைவரையும் அத்துறைக்குக் கொணர்ந்த ஆற்றல் ஒன்று உண்டு. அது காற்று. பாய்மரக் கப்பலின் காலத்தில் எந்த மாதத்தில் எவர் எங்கே ஒதுங்கலாம் என்பதைக் காற்றே விதித்தது. இன்று கோடை விடுமுறையைக் கழிக்க வருவோரும் அதே காற்றின் கணக்கைப் பார்த்தே வருகின்றனர். ஆதலின் பருவத்தை அளவுகோலாகக் கொண்டு இந்நகரின் வரலாற்றை நோக்குவது பயனுடையதாகும்.

கிழக்கிலங்கை மக்கள் ஆண்டை இரு காற்றுகளாற் பகுத்தறிவர். ஐப்பசி தொடங்கித் தை வரை வீசுவது வாடை. வடகீழ்ப் பருவக்காற்று என நூல்கள் குறிப்பது இதனையே. மழையைக் கொணர்வதும் கடலைக் கலக்குவதும் இக்காற்றாகும். வைகாசி முதற் புரட்டாதி வரை வீசுவது கச்சான். தென்மேற் பருவக்காற்றாகப் புறப்பட்டு, மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட வெங்காற்றாக அது கிழக்கை வந்தடைகின்றது. அக்காலத்தில் நிலம் வெதும்பும். கடலோ குளம்போற் கிடக்கும். கொழும்புக் கடல் கொந்தளிக்கும் நாளில் நிலாவெளிக் கடல் அடங்கியிருப்பதன் காரணம் இதுவே.

இக்காற்றுகளுக்கு நடுவே இயற்கை ஒரு பெருந்துறையை அமைத்துள்ளது. கொட்டியாரக்குடா கிழக்கு நோக்கிப் பரந்து திறந்திருக்க, அதன் வடபாலில், குறுகிய வாயில் ஒன்றினூடாக நுழையும் கப்பல் நாற்புறமும் குன்றுகள் சூழ்ந்த உட்டுறைமுகத்தை அடைகின்றது. மகாவலி கங்கை கடலொடு கலக்கும் மூதூர்ப் பகுதிக்கு அப்பால் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கின்றது. கரையை அண்டியும் ஆழம் குன்றாமை இத்துறையின் தனிச் சிறப்பாகும். வாடை எத்துணை வலிதாக வீசினும் உட்டுறைமுகத்தின் நீர் பெரிதுங் கலங்குவதில்லை.

இச்சிறப்பின் பெறுமதியை அறிவதற்குப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள சோழமண்டலக் கரையை நோக்குதல் வேண்டும். மசூலிப்பட்டினம், சென்னை, புதுச்சேரி, நாகபட்டினம் ஆகியவை 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பெருவணிகம் நிகழ்ந்த இடங்கள். ஆயினும் பெருங்கப்பல் ஒதுங்குதற்குரிய துறைமுகம் அவற்றில் எதனிடத்தும் இருந்ததில்லை. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கையும் மனிதரையும் கரைசேர்த்தன. ஒக்டோபர் நடுப்பகுதியில் வாடை எழுமுன் கப்பல்கள் அக்கரையை விட்டகலுதல் வழக்கம். அகலத் தவறியோர் பட்ட பாட்டுக்கு 1746ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு செப்ரெம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, ஒக்டோபர் மாதத்துப் புயலில் தன் கப்பல்கள் சிலவற்றை இழந்தான். மனிதரோடு பொருது பெற்ற வெற்றியைக் காற்று சில வாரங்களிற் குலைத்துவிட்டது.

புயலில் அடிபட்டோர் திருகோணமலையை நாடியமைக்கு இதனினும் முந்திய சான்று றொபேட் நொக்சின் கதையாகும். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் நின்ற 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிற் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் நாட்டுவதற்காக அது கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. கரையிறங்கிய கப்பற்றலைவரையும் அவர் மகனையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இற் சிறைப்பிடித்தனர். தந்தை சிறையிருப்பிலேயே மாண்டார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச்சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் கண்டி இராச்சியத்தின் சமூக வாழ்வை அறிவதற்கு இன்றும் முதன்மையான மூலங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. ஒரு பருவத்து ஒதுக்கிடம் தேடி வந்தவன் இரு தசாப்தங்கள் தங்க நேர்ந்ததன் பயன் அந்நூல் எனலாம்.

ஐரோப்பியர் இத்துறையைக் கைக்கொள்ள முனைந்தது அதற்கும் முன்னரே தொடங்கிவிட்டது. 1620இல் ஓவே கியெத்தே தலைமையில் வந்த தேனியர் திருகோணமலையிற் கால்கொள்ள முயன்று, ஈற்றில் தரங்கம்பாடியையே தம் தளமாகப் பெற்றனர். அவர்கள் வருகை போர்த்துக்கேயரை விழிப்படையச் செய்தது. தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டு, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பப்பட்டது. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற் பதிகம் பாடிய தலம் அது. அக்கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் இரட்டைக் கயற் சின்னம் அக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது. 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1672இல் பெருங்கடற்படையுடன் வந்த பிரெஞ்சுத் தளபதி த லா ஏயை அவர்களே வெளியேற்றினர்.

பருவத்தின் கணக்கு மிகத் தெளிவாக வெளிப்பட்ட ஆண்டு 1782 ஆகும். அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வேட் கியூசு திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். ஓகத்து மாத இறுதியில், ஆங்கிலக் கடற்படை வந்து சேருமுன், பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அதனைக் கைப்பற்றினார். செப்ரெம்பர் 3ஆம் நாள் இரு படைகளும் துறைக்கு வெளியே பொருதன. முடிவான வெற்றி எவர்க்கும் கிட்டவில்லை. வாடை நெருங்கியதும் கியூசு பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. சுப்ரன் அந்த வாடைக்காலத்தைச் சுமாத்திராவின் ஆச்சேயிற் கழித்து, பருவம் மாறியபின் திருகோணமலைக்குத் திரும்பினார். போர் முடிந்ததும் துறை மீண்டும் ஒல்லாந்தர் வசமாயிற்று. ஓராண்டுக்குள் மூன்று கொடிகள் ஏறியிறங்கிய அக்கோட்டையைச் சூழ வாழ்ந்த மக்களைப் பற்றி அத்தளபதிகளின் கடிதங்கள் உரைப்பது மிகக் குறைவே.

1795இல் ஆங்கிலேயர் இத்துறையை மறுபடியும் கைப்பற்றினர். 1802இல் ஏற்பட்ட ஆமியன் உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகிய ஆதர் வெல்லெசுலி 1800ஆம் ஆண்டின் இறுதியில் கடல்கடந்த படையெடுப்பு ஒன்றுக்குரிய சேனையைத் திரட்டியது இங்கேயே. 1817இல் பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு இந்நகரின் பெயரே சூட்டப்பட்டது. அது இங்கிலாந்தின் ஆட்டில்பூலில் இன்றும் பேணப்படுகின்றது. நாவலாசிரியை யேன் ஒஸ்ரினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமாகிய சாள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் நோயுற்று மாண்டபின், அவர் உடல் திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டது. வந்தவருட் சிலர் திரும்பிச் செல்லாமலே தங்கிவிட்டனர் என்பதற்கு அக்கல்லறை சான்று.

பாய்மரத்தின் காலம் முடிந்ததும் துறையின் நிலையும் மாறிற்று. நீராவிக் கப்பல் காற்றின் அனுமதியை வேண்டி நின்றதில்லை. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்களுக்கு இலங்கையின் மேற்கும் தெற்குமே வழியில் அமைந்தன. கொழும்பில் 1875இற் கடலணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தென்மேற் பருவக்காற்றின் அலைகளைத் தடுக்கும் அவ்வணை 1885இல் நிறைவெய்தியது. இயற்கை தந்த துறையைச் செயற்கைத் துறை வணிகத்தில் முந்திவிட்டது. மலைநாட்டுத் தேயிலையும் கொழும்பையே சென்றடைந்தது. தொலைவிலுள்ள கால்வாய் ஒன்றைத் தோண்டியவர் இந்நகரின் ஊழையும் திருத்தி எழுதினர் என்பது மிகையாகாது.

அதன்பின் திருகோணமலைக்கு எஞ்சியது போரின் பெறுமதியே. சீனன்குடாவை அடுத்த காட்டினுள் அமைந்த எண்ணெய்க் குதங்கள் அதன் அடையாளம். 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் துறைமுகத்தையும் வானூர்தித் தளத்தையும் தாக்கின. அன்றே ஆங்கில வானூர்தி தாங்கிக் கப்பல் 'ஏர்மிசு' மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1957இற் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டதோடு அந்நியக் கொடிகளின் வரிசை முற்றுப்பெற்றது.

இதுகாறும் கூறியது வந்தோரின் வரலாறு. அவர்கள் அனைவரும் ஒரு காற்றுக்கு அஞ்சியோ இன்னொரு காற்றை நம்பியோ வந்தவர்கள். ஆண்டின் ஒரு பாதியே அவர்களுக்கு வேண்டியிருந்தது. இருந்தோரோ இரு காற்றுகளையும் ஒருங்கே ஆளவேண்டியவராயினர். அவர்கள் அதற்குக் கண்ட வழி குளமும் வாய்க்காலுமாகும். வாடைக்கால மழையைக் கந்தளாய்க் குளம் தேக்கிவைக்க, கச்சான் வீசும் மாதங்களில் அந்நீர் வாய்க்கால் வழியே சென்று தம்பலகாமத்து வயல்களிற் சிறுபோகத்தை விளைவிக்கின்றது. அக்குளத்தைத் தமிழ் மரபு குளக்கோட்டன் பெயரோடு இணைத்துப் போற்றுகின்றது. கந்தளாயில் சோழர் ஆட்சியில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணக் குடியிருப்பு விளங்கியமையைக் கல்வெட்டால் அறிகின்றோம். 1986 ஏப்பிரில் 20ஆம் நாள் அக்குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பருவத்தைத் தேக்கிவைக்கும் கலைக்கு இடையறாத பேணுகை வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்தியது.

கோயிலும் இந்த ஒழுங்கைச் சார்ந்தே நின்றது. 'கோணேசர் கல்வெட்டு' என்னும் நூல் தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்கு உரிய தொழும்புகளை வகுத்துரைக்கின்றது. அந்நூலிற் கோயில், ஆண்டு முழுவதும் பலரது உழைப்பைப் பிணைக்கும் நிறுவனமாகக் காட்சியளிக்கின்றது. ஆலயம் இடிக்கப்பட்டபின்னும் வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலிற் தொடர்ந்தது. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியிற் கடலுக்குள் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். 1963இற் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆடியிற் கதிர்காமக் கொடியேற்றத்தை நாடி வடக்கிலிருந்து கால்நடையாகச் செல்லும் அடியார்கள் கச்சான் வெயிலிலேயே இந்நகரையும் வெருகலையும் கடந்து செல்கின்றனர். கோடையில் இந்நகருக்கு வருவோருள் மிகத் தொன்மையான மரபினர் அவர்களே எனலாம்.

மீனவரின் ஆண்டும் இருபாற்பட்டதே. கச்சான் காலத்திற் கரைவலையும் ஆழ்கடற் தொழிலும் சிறக்கும். வாடை எழுந்ததும் குடாவும் களப்பும் தஞ்சமாகும். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்தல் நீண்டகால வழக்கம். இருந்தோர்க்கும் வந்தோர்க்குமிடையே பூசலும் உறவும் ஒருங்கே வளர்ந்த களம் அது.

நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் பெருகத் தொடங்கியது 1970களிலாகும். வாடைக்கு ஒதுங்க வந்த நகருக்குக் கச்சானில் இளைப்பாற வருவோர் வந்தனர், பருவம் தலைகீழாயிற்று. 1983இன் பின் மூண்ட போர் அவ்வருகையைத் தடுத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களைச் சூறையாடியது. 2006இற் சம்பூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே தம் நிலத்துக்கு மீளத் தொடங்கினர். 2009இற் போர் முடிவுற்றபின் விடுதிகள் மீண்டும் எழுந்தன. புறாமலையின் பவளப்பாறைகளையும் ஆழ்கடலிற் திமிங்கிலங்களையும் காணவே இன்று பலர் வருகின்றனர்.

வருவோரால் நகர் வாழ்வு பெறுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு பருவத்தின் கண்ணுக்குத் தெரிவது ஒரு கரை மட்டுமே. விடுதிக்கு அழகாகத் தோன்றும் மணற்பரப்பு கரைவலை இழுப்போர்க்குத் தொழிற்களம். படகு ஏற்றிவைக்கும் இடம். வாடை வீசும் நாளிற் குடியிருப்பைக் காக்கும் அரண். அந்நிலம் எவர்க்குரியது என்ற வினா எழும்போது, ஆண்டின் பாதியில் மட்டும் அதனைக் கண்டவரின் கணக்கு முழுமை பெறாது. வரலாற்று மாணவர்க்கும் இது பொருந்தும். கொடிகளின் வரிசையை மட்டும் கற்றவர் திருகோணமலையின் ஒரு பருவத்தையே கற்றவராவர். அந்நகரை முழுதாக அறிய விரும்புவோர் கோட்டை வாயிலோடு நின்றுவிடாது, தம்பலகாமத்து வாய்க்காற் கரைக்கும் செல்லுதல் வேண்டும். வாடை தந்த நீர் கச்சானில் வயலுக்குப் பாயும் காட்சியை அங்கே காணலாம்.